ஜவ்வாது மலையும் குறைமின் வழங்கிகளும்: வன்பொருள் தெரிவின் வரலாறு

குறைமின் வழங்கி என்பது மிகக் குறைந்த மின்சாரத்தில் இரவும் பகலும் இயங்கும் ஒரு சிறு கணினி. ஒரு வீட்டுக்கோ பள்ளிக்கோ சிற்றூருக்கோ வேண்டிய கோப்புகள், பாடங்கள், நூல்கள், காணொளிகள் ஆகியவற்றை உள்வலையமைப்பின் வழியே அது வழங்குகிறது. பேச்சு வழக்கில் இதை 'வீட்டு சர்வர்' என்பர். இணையம் இல்லாத நேரத்திலும் இது வேலை செய்யும். அருகிலுள்ள கைபேசிகளும் மடிக்கணினிகளும் வைஃபை மூலம் இதனுடன் இணைந்துகொண்டால் போதும்.

இத்தகைய வழங்கிக்கு எந்த வன்பொருளைத் தெரிவு செய்வது என்பது நகரத்தில் பெரும்பாலும் விலையைப் பற்றிய கேள்வி. மலையூரில் அது மின்சாரம், பழுது, தொலைவு ஆகிய மூன்றையும் பற்றிய கேள்வியாகிறது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்தத் தெரிவு எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து இன்றைய நிலைக்கு வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காவலூரில் ஒரு பெருங்கணினி

ஜவ்வாது மலையின் கணினி வரலாறு வானியலோடு தொடங்குகிறது. இருண்ட, தெளிந்த வானத்தைத் தேடிய வானியலாளர் வைணு பாப்பு, மலைமேல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரைத் தெரிவு செய்தார். 1960களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்கு ஆய்வு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய நிகழ்வைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 சனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியால் தொடங்கிவைக்கப்பட்டது. 1982இலேயே பாப்பு மறைந்துவிட்டதால், ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

1980களில் இந்த ஆய்வகத்தில் வாக்ஸ் 11/780 என்னும் கணினி பயன்பட்டது. விண்மீன்களின் நிறமாலைப் பதிவுகளை ஆராயும் வேலையை அது செய்தது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977இல் வெளியிட்ட இந்தக் கணினி, அக்காலத்தில் உலகின் பல பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் அளவுகோலாக இருந்தது. நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள் என்னும் வேகத்தை அதன் பெயராலேயே குறிப்பிடும் வழக்கம் உண்டாயிற்று. அதன் நினைவகம் சில மெகாபைட்டுகளே. பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போன்ற உருவம், குளிரூட்டப்பட்ட அறை, சில கிலோவாட் மின்சாரம் ஆகியவை அதற்கு வேண்டியிருந்தன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அத்தகைய கணினி ஒரு நாள் முழுவதும் ஓட 120 அலகு மின்சாரம் வேண்டும். இன்று ஐந்து வாட்டில் ஓடும் உள்ளங்கை அளவுக் கணினிக்கு அதே ஒரு நாளுக்கு 0.12 அலகு போதும். மின்செலவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துள்ளது. வேகமோ பல ஆயிரம் மடங்கு கூடியுள்ளது. ஒரு தேசிய ஆய்வகம் மட்டுமே மலைமேல் வைத்திருக்க முடிந்த ஒன்றை, இப்போது ஓர் ஊராட்சிப் பள்ளியும் வைத்துக்கொள்ள முடிவது இந்த மாற்றத்தால்தான்.

மின்சாரம் குறைந்த சில்லு

மாற்றத்தின் வேர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளது. அங்கிருந்த ஏகார்ன் என்னும் சிறு நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்டீவ் பர்பர் ஆகியோர் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று இயங்கிற்று. அதன் மின்னோட்டத்தை அளக்க முயன்றபோது அளவி சுழியம் காட்டியது. மின்வழங்கல் இணைப்பே சில்லுக்குக் கிடைக்காதிருந்தது பின்னர்தான் தெரியவந்தது. மற்ற கம்பிகளின் வழியே கசிந்த மின்சாரத்திலேயே சில்லு ஓடிக்கொண்டிருந்தது. விலை குறைந்த நெகிழி உறையில் அடைக்க வேண்டுமானால் வெப்பம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த கவனம், எதிர்பார்த்ததைவிட நல்ல பயன் தந்தது. இன்று நம் கைபேசிகளில் இருப்பவை இந்தச் சில்லின் வழித்தோன்றல்களே.

இந்தியாவில் இதன் பயனை முதலில் உணர்ந்தவர்களுள் பெங்களூரின் சிம்ப்யூட்டர் குழுவினரைக் குறிப்பிட வேண்டும். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் கையடக்கக் கணினியின் முன்மாதிரி 2001இல் வெளிவந்தது. 206 மெகாஹெர்ட்சு ஆர்ம் வகைச் சில்லு, லினக்சு இயங்குதளம், சிறு மின்கலங்கள் ஆகியவை அதன் அமைப்பு. எழுத்தறிவு குறைந்தோரும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். 2004இல் விற்பனைக்கு வந்தும் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆயினும், மின்சாரம் தட்டுப்பாடான ஊருக்கு ஏற்ற கணினி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியை இந்திய மண்ணிலிருந்தே எழுப்பியது அதன் சிறப்பு.

வில்லியனூரும் மேலூரும்

சிற்றூருக்குத் தகவலைக் கொண்டுசெல்லும் முயற்சிகளில் தமிழ்நாட்டுப் பகுதிக்கு நல்ல அனுபவம் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் ஊர்த் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையமாக இருந்தது. தொலைபேசி இணைப்பு நம்பத்தக்கதாக இல்லாததால், இருவழி வானொலிக் கருவிகள் மூலம் கணினிகள் இணைக்கப்பட்டன. மின்வெட்டைச் சமாளிக்கக் கதிரொளித் தகடுகளும் மின்கலங்களும் பொருத்தப்பட்டன. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசிக்கப்பட்டது. இணையம் ஒரே இடத்தில் இருந்தாலும், செய்தியை உள்ளூரில் சேமித்து உள்ளூர் மொழியில் தந்தால் பயன் அனைவருக்கும் சேரும் என்பதை அது காட்டியது. வீட்டு வழங்கியின் அடிப்படைக் கருத்தும் இதுவே.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு சிற்றூர்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் வரவேற்பு இருந்தது. ஆனால் 2005க்குள் அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. கணினிப் பயிற்சி பெற்ற பொறுப்பாளர் இருந்த மையங்கள் கூடுதல் காலம் நிலைத்தன என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. ஆள் பயிற்சிக்கும் பழுது பார்ப்புக்கும் வழி செய்யாமல் கருவியை மட்டும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

பெட்டி சுருங்கிய காலம்

வீட்டு வழங்கி என்று தனியே சொல்லத்தக்க கருவிகள் 2000க்குப் பின் வந்தன. 2004இல் லிங்க்சிஸ் நிறுவனம் வன்தட்டுகளை வலையமைப்பில் இணைக்க ஒரு சிறு பெட்டியை வெளியிட்டது. அதில் 32 மெகாபைட் நினைவகம் மட்டுமே இருந்தது. உள்ளே லினக்சு இருப்பதை அறிந்த ஆர்வலர்கள் அதன் மென்பொருளை மாற்றி, முழுமையான வழங்கியாகவே பயன்படுத்தத் தொடங்கினர். 2009இல் மார்வெல் நிறுவனத்தின் ஷீவாபிளக் வந்தது. சுவரில் செருகும் மின்னேற்றி போன்ற உருவத்தில் 1.2 கிகாஹெர்ட்சு சில்லும் 512 மெகாபைட் நினைவகமும் கொண்ட கணினி அது.

2010இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன், தனிமனிதரின் தகவல் அவரவர் வீட்டுப் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்று வாதிட்டு ஃபிரீடம்பாக்சு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கட்டற்ற மென்பொருளான டெபியன் அதன் அடித்தளம். 2019இல் அதற்கென விற்பனைக்கு வந்த பெட்டியில், பல்கேரிய நாட்டு ஓலிமெக்சு நிறுவனத்தின் பலகையும் சில மணி நேரம் தாங்கும் மின்கலமும் இருந்தன. மின்வெட்டுள்ள ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய அமைப்பு அது.

2012 பிப்ரவரி 29 அன்று ராசுபெரி பை விற்பனைக்கு வந்தது. பள்ளி மாணவர்கள் நிரல் எழுதப் பழகவேண்டும் என்பதற்காக 35 டாலர் விலையில் செய்யப்பட்ட தனிப்பலகைக் கணினி அது. முதல் வடிவில் 700 மெகாஹெர்ட்சு வேகமும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தன. 2019இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் கிகாபிட் வலையிணைப்பும் வேகமான யுஎஸ்பி துறைகளும் முழு அளவில் சேர்ந்தன. வழங்கியாகப் பயன்படுத்த அதுவே உண்மையான திருப்புமுனை. எனினும் 2021 முதல் 2023 வரை உலக அளவில் சில்லுத் தட்டுப்பாடு ஏற்பட்டு, இந்தப் பலகைகள் கிடைப்பது அரிதாயிற்று. ஒரே பொருளை நம்பித் திட்டமிட்ட பலரும் அப்போது பழைய அலுவலகச் சிறுகணினிகளை நாடினர். 2023இல் வந்த இன்டெல் என்100 சில்லு கொண்ட சிறுகணினிகள், ஓய்வு நிலையில் ஏறத்தாழ 6 முதல் 10 வாட்டுக்குள் ஓடுவதால், பலகைக்கும் மேசைக்கணினிக்கும் இடைப்பட்ட தெரிவாயின.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு தெரிவும் உண்டு. மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிற்று. அவ்வாறு வந்து, இன்று அலமாரியில் உறங்கும் மடிக்கணினிகள் பல. திரையை அணைத்துவைத்தால் இவற்றுள் பெரும்பாலானவை 10 முதல் 15 வாட்டில் ஓடும். திரை, விசைப்பலகை, மின்கலம் மூன்றும் சேர்ந்தே இருப்பதால் தனியாக யுபிஎஸ் வேண்டியதில்லை. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் அதைக் கட்டாயம் அகற்றிவிட வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மலையூருக்கு ஏன் இது வேண்டும்

ஜமுனாமரத்தூரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் கொண்ட இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். சாமை விளைவும் தேனும் மலைக்குப் பெயர் பெற்றுத் தந்தவை. பிள்ளைகள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கின்றனர். மலை மடிப்புகளில் கைபேசி அலை எட்டாத இடங்கள் உள்ளன.

2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைபேசியால் அவற்றைப் படம்பிடித்தால் பாடக் காணொளி திறக்கும். இணையம் இல்லாத இடத்தில் அந்தக் கட்டம் வெறும் அச்சுக் கோலமே. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்கு வந்தது. ஆனால் தவறவிட்ட பாடத்தைத் திரும்பப் பார்க்கவும், ஐயம் வந்த இடத்தில் நிறுத்தவும் இணையம் உள்ளவர்க்கே வழி இருந்தது. ஒரு பாடக் காணொளியை ஒருமுறை அடிவாரத்தில் பதிவிறக்கி மலைமேலுள்ள வழங்கியில் வைத்தால், நூறு பிள்ளைகள் நூறு முறை பார்த்தாலும் இணையச் செலவு இல்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்சு என்னும் கட்டற்ற மென்பொருள் மூலம் விரல் அளவு நினைவகத்தில் எடுத்துச் சென்றுவிடலாம்.

தெரிவின் கணக்கு

மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 முதல், முதல் 100 அலகுக்குக் கட்டணம் இல்லை. வாட் அளவை 24ஆலும் 60ஆலும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் இரு மாத அலகு கிடைக்கும்.

- 5 வாட் பலகைக் கணினி: 7.2 அலகு
- 10 வாட் சிறுகணினி: 14.4 அலகு
- 15 வாட் பழைய மடிக்கணினி: 21.6 அலகு
- 60 வாட் பழைய மேசைக்கணினி: 86.4 அலகு

பழைய மேசைக்கணினி இலவசமாகக் கிடைத்தாலும், கட்டணமில்லா மின்சாரம் முழுவதையும் ஏறத்தாழ அதுவே விழுங்கிவிடும்.

கதிரொளியில் ஓட்டுவதானால் வேறுபாடு இன்னும் பெரிது. 10 வாட் கருவிக்கு ஒரு நாளுக்கு 240 வாட்-மணி வேண்டும். நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வெயில் என்று கொண்டால் 60 வாட் தகடு. இழப்புகளையும் சேர்த்தால் 100 வாட் தகடு. இரண்டு நாள் மழை மூட்டத்தைத் தாங்க 480 வாட்-மணி சேமிப்பு வேண்டும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடிய விடக்கூடாது என்பதால், 12 வோல்ட்டில் 80 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று தேவை. அதே கணக்கில் 60 வாட் மேசைக்கணினிக்கு அத்தகைய மின்கலங்கள் ஆறும், ஆறு மடங்கு தகடும் வேண்டும்.

மின்கலத்தின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி, பிறகு கருவியின் மின்னேற்றியில் மீண்டும் நேர்மின்சாரமாக்குவது இரட்டை இழப்பு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 48 வோல்ட் நேர்மின் அமைப்பு இந்த இழப்பைத் தவிர்க்கவே எழுந்தது. ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜைசால்மர் மாவட்டங்களில் மின்கம்பி எட்டாத வீடுகளில் அது பொருத்தப்பட்டது. வீட்டு வழங்கிக்கும் இதே நெறி பொருந்தும். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து தரமான மின்மாற்றுச் சுற்று ஒன்றின் மூலம் நேராகக் கருவிக்கு மின்சாரம் தருவது நல்லது. 5 வோல்ட் பலகைகளுக்கு மெல்லிய, நீண்ட கம்பி ஆகாது. வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து கருவி தடுமாறும்.

விளம்பரம் சொல்லாத நான்கு பொருத்தங்கள்

முதலாவது, சேமிப்பகம். பலகைக் கணினிகள் எஸ்.டி. அட்டையிலிருந்து இயங்குகின்றன. இடைவிடாமல் எழுதினாலும், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனாலும் அட்டை கெடும். பாடங்களைத் திண்மநிலை வட்டில் வைத்து, அதன் நகல் ஒன்றை வேறிடத்தில் வைப்பது கட்டாயம்.

இரண்டாவது, கடிகாரம். ராசுபெரி பையின் நான்காம் தலைமுறை வரை பலகையில் கடிகாரமே கிடையாது. தொடங்கும்போது இணையத்தைக் கேட்டே நேரத்தை அறியும். இணையம் இல்லாத ஊரில் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி தவறும். வருகைப் பதிவும் மதிப்பெண் கோப்பும் தவறான நாளில் பதியும். சிறு மின்கலத்துடன் கூடிய கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தால் இக்குறை நீங்கும். சிறுகணினியிலும் மடிக்கணினியிலும் இது முன்பே உண்டு.

மூன்றாவது, வைஃபை. பலகையிலேயே உள்ள சிறு வைஃபை ஒரு வகுப்பறை முழுவதையும் தாங்காது. தனி வைஃபை திசைவி வேண்டும். அதன் 5 முதல் 8 வாட் செலவையும் மேலே சொன்ன கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்து மின்கலத்தை வாங்குகின்றனர்.

நான்காவது, இடியும் ஈரமும். மலையில் கோடை மழை இடியோடு வரும். மின்கம்பி வழியாக மட்டுமன்றி, கூரையில் ஓடும் வலையமைப்புக் கம்பி வழியாகவும் மின்னல் தாக்கம் கருவிக்குள் நுழையும். முறையான நிலத்தொடர்பும், இடி மழை வரும் முன்பே கம்பிகளைக் கழற்றும் பழக்கமும் தேவை. விசிறி இல்லாத பெட்டியாக இருந்தால் தூசும் பூச்சியும் உள்ளே போவது குறையும்.

எதைத் தெரிவது

ஒரு வீட்டுக்கு, ஐந்தாறு கருவிகளுக்கு மட்டும் கோப்பு வழங்க, பலகைக் கணினி போதும். கதிரொளி ஒன்றே மின்வழி என்றாலும் அதுவே ஏற்றது. முப்பது மாணவர் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கும் பள்ளிக்கு, 8 கிகாபைட் நினைவகமும் திண்மநிலை வட்டும் கொண்ட சிறுகணினி பொருந்தும். கையில் காசே இல்லை, மின்கம்பி உண்டு, ஆனால் அடிக்கடி மின்வெட்டு என்றால், உழைக்கும் நிலையிலுள்ள பழைய மடிக்கணினியே முதல் தெரிவு.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று உண்டு. கருவி பழுதானால் உதிரிப்பொருள் எங்கே கிடைக்கும்? திருப்பத்தூரிலோ வேலூரிலோ கிடைக்குமா, சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டுமா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா? மலையிலிருந்து ஒருமுறை இறங்கி ஏறுவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். எனவே, வேகத்தில் சற்றுக் குறைந்தாலும், அருகிலுள்ள கடையில் மின்னேற்றியும் வட்டும் கிடைக்கும் கருவியே அங்கு உயர்ந்தது.

மேலூர் தந்த பாடத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வழங்கியை அமைத்த ஆசிரியர் இடமாறுதலில் போனவுடன் பெட்டி ஒட்டடை பிடிக்கும் நிலை வரக்கூடாது. கடவுச்சொல், கம்பி இணைப்புப் படம், மீண்டும் நிறுவும் முறை ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். மேல் வகுப்பு மாணவர் இருவருக்கேனும் அதை முழுவதும் கழற்றி மாட்டப் பழக்கிவிட வேண்டும். அவர்கள் பள்ளியை விட்டுச் செல்லும் முன் அடுத்த இருவருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை நிலைத்துவிட்டால், ஐந்து வாட் பெட்டி ஒன்று பல தலைமுறை மாணவர்க்கு உழைக்கும்.